போர்ஷன் முடிக்கவே நேரமில்லை என்கிற டீச்சரிடம் எப்படிப் பேசுவது?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பள்ளி நூலகங்களிலிருந்து வந்தவை. பெரும்பாலும் பயிற்சியில் இருக்கும் இளம் நூலகர்கள், ஆசிரியர்களோடு எப்படிச் சேர்ந்து வேலை செய்வது என்று கேட்டு எழுதியவை. ஒரு ஆசிரியரும் எழுதியிருக்கிறார், அவர் கேள்வியும் இதே விஷயத்தை மறுபக்கத்திலிருந்து கேட்பதால் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று எல்லாருமே கேட்டிருக்கிறார்கள்.

கேள்வி: அன்புள்ள அக்கா, நூலக அறிவியல் முடித்துவிட்டு ஒரு பள்ளி நூலகத்தில் பயிற்சியில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. ஆசிரியரும் நூலகரும் சேர்ந்து பாடத்தைத் திட்டமிட வேண்டும் என்று படிக்கும்போது திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நானும் முதல் வாரமே ஸ்டாஃப் ரூமுக்குப் போய், என்ன உதவி வேண்டுமானாலும் கேளுங்கள் என்று எல்லாரிடமும் சொன்னேன். சிரித்த முகத்தோடு 'கண்டிப்பா' என்றார்கள். இன்றுவரை ஒருவர்கூட வரவில்லை. அறிவியல் டீச்சரிடம் நேராகவே கேட்டேன். 'போர்ஷன் முடிக்கவே நேரமில்லைம்மா, இதுல லைப்ரரி வேறயா' என்றார். லைப்ரரி பீரியடில் பிள்ளைகளை விட்டுவிட்டு நோட்டுத் திருத்தப் போய்விடுகிறார்கள். தவறு என்னிடமா, அவர்களிடமா?

பதில்: தவறு என்று யாரையும் சொல்ல மாட்டேன் தங்கச்சி. நீங்கள் கேட்ட விதத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. 'என்ன உதவி வேண்டும்' என்று கேட்டால், அதற்குப் பதில் சொல்ல அந்த டீச்சர் முதலில் நூலகத்தில் என்ன இருக்கிறது, உங்களால் என்ன செய்ய முடியும், தன் பாடத்தில் அது எங்கே பொருந்தும் என்று மூன்று விஷயங்களை யோசிக்க வேண்டும். அடுத்த மணி அடிப்பதற்குள் நாற்பது நோட்டு பார்க்க வேண்டியவருக்கு நீங்கள் இன்னொரு வேலை கொடுத்துவிட்டீர்கள். இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. பிள்ளைகளுக்கென்று நாம் அதை மனப்பாடம் செய்கிறோம், ஆனால் பள்ளியில் ஆசிரியரும் நம் வாசகர்தான்.

நானும் இதே இடத்தில் நின்றவள். முதல் வருடம் புதிய புத்தகங்களின் பட்டியலை நான்கு பக்கத்துக்குக் கையால் எழுதி ஸ்டாஃப் ரூமில் தொங்கவிட்டேன். மாதக் கடைசியில் அதன் மேலேயே யாரோ தேர்வு அட்டவணையை ஒட்டியிருந்தார்கள். அன்றைக்கு மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது. அதற்கு அப்புறம் பட்டியல் போடுவதை விட்டுவிட்டு காதைத் திறந்து வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். ஒருநாள் ஒரு டீச்சர் வராந்தாவில் இன்னொருவரிடம் நொந்துபோய்ச் சொல்லிக்கொண்டிருந்தார்: தண்ணீர் பற்றி ப்ராஜெக்ட் கொடுத்தேன், முக்கால்வாசிப் பேர் ஒரே இணையப் பக்கத்திலிருந்து ஒரே பாராவை எழுதிக்கொண்டு வந்திருக்கிறார்கள், எழுத்துப்பிழைகூட ஒரே மாதிரி இருக்கிறது என்று. மறுநாள் அவரிடம் போய், 'அடுத்த தடவை இந்தக் காப்பி அடிக்கிறதை நிறுத்த ஒரு வழி இருக்கு டீச்சர், இருபது நிமிஷம் கொடுங்க' என்று மட்டும் கேட்டேன். உடனே சம்மதித்தார். அவருக்கு வலிக்கிற இடம் அதுதான்.

அந்த இருபது நிமிடத்தில் என்ன பேசினோம் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் சேர்ந்து வேலை செய்வது என்றால் என்ன என்பது எனக்கே அன்றைக்குத்தான் புரிந்தது. 'தண்ணீர்' என்று தலைப்பு கொடுத்தால் பிள்ளை அதைத் தேடுபொறியில் அடித்து முதலில் வருவதை எழுதத்தான் செய்யும், தலைப்பே அப்படித்தான் செய்யச் சொல்கிறது. அதனால் தலைப்புக்குப் பதிலாக ஆளுக்கொரு கேள்வியை அவர்களையே கேட்க வைக்கலாம் என்று முடிவு செய்தோம். அப்புறம் நான் அவரை அலமாரிக்கு அழைத்துப் போனேன். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் போட்டு அடுக்கும் டூயி பகுப்பு முறையில் தண்ணீர் ஒரே இடத்தில் இருக்காது. ஆறு 551.48இலும் நிலத்தடி நீர் அதையடுத்து 551.49இலும் இருக்கும். குழாய் நீர் எங்கிருந்து எப்படி வருகிறது என்பது 628.1. யாருக்கு எவ்வளவு தண்ணீர், யார் பங்கிடுவது என்ற சங்கதியெல்லாம் 333.91. குளத்துக்குள் என்ன வாழ்கிறது என்றால் 577.6. நான்கு அலமாரி, ஒன்றுக்கொன்று தூரம். டீச்சர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். 'தண்ணீர் புத்தகம் ரெண்டுதான் இருக்குன்னு நெனச்சிட்டிருந்தேன்' என்றார்.

அதே இருபது நிமிடத்தில் எனக்குத் தெரியாததை அவர் சொன்னார். எந்தப் பிள்ளைக்கு ஒரு பக்கத்துக்கு மேல் படிக்க வராது, யார் யாரைப் பக்கத்தில் உட்கார வைக்கக் கூடாது, ஆவியாதலும் கொதித்தலும் ஒன்று என்று பாதி வகுப்பு நினைத்துக்கொண்டிருக்கிறது, அதனால் அந்தப் படம் போட்ட புத்தகத்தை முதலில் கொடுக்க வேண்டாம். இதெல்லாம் எந்த நூலகப் படிப்பிலும் கிடைக்காது. அலமாரி எனக்குத் தெரியும், பிள்ளைகளை அவருக்குத் தெரியும்.

மூன்றாவது பீரியடில் எல்லாம் கவிழ்கிற மாதிரி ஆனது. பிள்ளைகள் புத்தகத்தைப் புரட்டிவிட்டு மூடினார்கள், 'என் கேள்விக்கு இதுல எதுவுமே இல்ல மிஸ்' என்று முகத்தைத் தொங்கப்போட்டார்கள், ஒருத்தி அழவே ஆரம்பித்துவிட்டாள். டீச்சர், 'இது சரிவராது, பழையபடி தலைப்பு கொடுத்துடலாம்' என்றார். கேரல் குல்த்தாவ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980களில் மேல்நிலை மாணவர்கள் தகவல் தேடுவதைக் கூட இருந்து கவனித்து, தேடலை ஆறு கட்டங்களாகப் பிரித்திருக்கிறார். வேலையைத் தொடங்குவது, தலைப்பைத் தேர்ந்தெடுப்பது, துழாவுவது, தன் கோணத்தை உருவாக்கிக்கொள்வது, அதற்கு வேண்டியதைச் சேகரிப்பது, கடைசியில் எழுதி முன்வைப்பது. இதில் மூன்றாவது கட்டத்தில்தான் குழப்பமும் சந்தேகமும் ஏறும் என்கிறார். தலைப்பு கிடைத்த சந்தோஷம் போய், ஒன்றுக்கொன்று ஒத்துவராத தகவல்கள் குவியும் நேரம் அது. அதை டீச்சரிடம் சொன்னேன். இது தோல்வி இல்லை டீச்சர், இப்படி ஒரு கட்டம் வரும், இன்னும் ஒரே ஒரு பீரியட் பார்க்கலாம் என்றேன். அந்தப் பீரியடில் புதிதாக எதையும் படிக்க விடவில்லை. ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, 'இதுவரைக்கும் படிச்சதுல எது உனக்கு ஆச்சரியமா இருந்தது' என்று இரண்டு பேரும் மாறி மாறிக் கேட்டோம், அவ்வளவுதான். போன பீரியடில் அழுதவள், நிலத்துக்கு அடியில் இருக்கிற தண்ணீரும் நகர்ந்துகொண்டே இருக்கும் என்பது தனக்குத் தெரியாது என்றாள். அதையே கேள்வியாக எடுத்துக்கொள் என்று டீச்சர் சொன்னார்.

எல்லாரும் பிரமாதமாக எழுதிவிடவில்லை. சிலர் எழுதியது அரைப் பக்கம்தான். ஆனால் இரண்டு தாள் ஒரே மாதிரி வரவில்லை.

அந்த டீச்சரோடு அடுத்த வருடம் ஒரு முழுப் பாடத்தைச் சேர்ந்து திட்டமிட முடிந்தது. ஆசிரியர், நூலகர் கூட்டுவேலை பற்றி 2005இல் பட்ரீசியா மாண்டியேல் ஓவரால் எழுதியதில் நான்கு நிலைகள் வருகின்றன. நேரத்தையும் நிகழ்ச்சிகளையும் மோதாமல் ஒருங்கிணைத்துக்கொள்வது ஒன்று. வேலையைப் பங்கு போட்டுக்கொண்டு அவரவர் பங்கைச் செய்வது அடுத்தது. மூன்றாவது, ஒரு பாடத்தை இருவரும் சேர்ந்தே திட்டமிட்டு, நடத்தி, மதிப்பிடுவது. நான்காவது, பள்ளி முழுவதும் பாடத்திட்டத்துக்குள்ளேயே இது கலந்துவிடுவது. நீங்கள் இரண்டு மாதத்தில் மூன்றாவதை எதிர்பார்க்கிறீர்கள், அதனால்தான் மனசு உடைகிறது. முதல் நிலையில் நின்று கொஞ்ச நாள் ஒழுங்காக வேலை செய்யுங்கள், அதுவும் வேலைதான்.

உங்கள் அறிவியல் டீச்சர் விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய பாடப்புத்தகத்தை முதலில் நீங்கள் படியுங்கள். நம்மில் பலர் இதைச் செய்வதே இல்லை, எனக்கு இதில் கொஞ்சம் கோபமே உண்டு. அடுத்த வாரம் அவர் ஒளி நடத்தப் போகிறார் என்றால், நூலகத்தில் அதற்குப் பொருந்தும் ஒரே ஒரு புத்தகத்தை எடுத்து, எந்தப் பக்கத்தில் என்ன படம், வகுப்பில் காட்ட எத்தனை நிமிடம் ஆகும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, பக்கத்தில் செருகி, அவர் மேசையில் வைத்துவிட்டு வாருங்கள். பத்துப் புத்தகம் வைக்காதீர்கள், ஒன்றே ஒன்று. நின்று விளக்கவும் வேண்டாம். தேர்வு நெருங்கும் வாரங்களில் எதையும் கேட்காதீர்கள். எதையாவது வியாழக்கிழமைக்குள் தருகிறேன் என்று சொன்னால் புதன்கிழமையே கொடுத்துவிடுங்கள். ஒரு தடவை சொன்ன நேரத்துக்குத் தராமல் விட்டால், அடுத்து நீங்கள் ஸ்டாஃப் ரூமுக்குள் வரும்போதே அவர் தலையைக் குனிந்துகொள்வார்.

பீரியடை விட்டுவிட்டுப் போகிறவர்களைப் பற்றித் தலைமை ஆசிரியரிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள். அதற்குப் பிறகு அவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், ஆனால் உங்களோடு இருக்க மாட்டார்கள். 'நோட்டை இங்கேயே கொண்டு வந்து திருத்துங்க டீச்சர், உங்களுக்கு ஒரு மேசை போட்டு வைக்கிறேன்' என்று சொல்லிப் பாருங்கள். அங்கே உட்கார்ந்து திருத்தும்போது ஒரு பிள்ளை உங்களிடம் கேள்வி கேட்பது அவர் காதில் விழும். எனக்கு இரண்டு ஆசிரியர்கள் அப்படித்தான் கிடைத்தார்கள்.

கேள்வி: நான் பதினெட்டு வருடமாக வகுப்பெடுக்கிறேன். புதிதாக வந்திருக்கும் பயிற்சி நூலகர் நல்ல பிள்ளை, சுறுசுறுப்பு. 'சேர்ந்து பாடம் நடத்தலாம் சார்' என்கிறார். இரண்டு பேர் முன்னால் நின்றால் பிள்ளைகள் யார் பேச்சைக் கேட்பார்கள்? மதிப்பெண் யார் போடுவது? கடைசியில் பாடம் புரியவில்லை என்றால் பெற்றோர் என்னைத்தானே கேட்பார்கள்?

பதில்: உங்கள் தயக்கம் நியாயமானது ஐயா. வகுப்பு உங்களுடையது, பொறுப்பும் உங்களுடையது, அதை அந்தப் பிள்ளையிடம் முதலிலேயே சொல்லிவிடுவது இரண்டு பேருக்கும் நல்லது. ஒருவர் பேசும்போது மற்றவர் பெஞ்சுகளுக்கு இடையில் நடக்க வேண்டும், குறுக்கே பேசக் கூடாது. தகவல் பிழையாக இருந்தால் மட்டும் சொல்லலாம். எங்கே நிறுத்தி யார் தொடர்வது என்பதை முதல் நாளே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் இரண்டு பெரியவர்கள் நிற்பதால் குழம்புவதில்லை, அந்த இரண்டு பேரும் அங்கேயே நின்று 'நீங்க சொல்லுங்க, இல்ல நீங்க சொல்லுங்க' என்று தடுமாறும்போதுதான் குழம்புகிறார்கள்.

மதிப்பெண்ணைப் பொறுத்தவரை, பாடம் சரியாகப் புரிந்திருக்கிறதா என்பது முழுக்க உங்கள் தீர்ப்பு. எத்தனை இடத்தில் தேடினான், எங்கிருந்து எடுத்தான் என்று குறித்தானா, இரண்டு புத்தகம் வேறு வேறாகச் சொன்னபோது என்ன செய்தான் என்பதை நூலகர் பார்த்து எழுதித் தரட்டும். அதற்கு எவ்வளவு மதிப்பெண் என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வேலை ஆரம்பிக்கும் முன்பே இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிவிட வேண்டும்.

இதனால் பலன் உண்டா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் பதினெட்டு வருட அனுபவம் உள்ளவர் மனசில் அந்தக் கேள்வி இருக்கும். பன்னாட்டு நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பும் யுனெஸ்கோவும் 1999இல் வெளியிட்ட பள்ளி நூலக அறிக்கை, ஆசிரியரும் நூலகரும் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் மாணவரின் வாசிப்பும் கற்றலும் சிக்கலைத் தீர்க்கும் திறனும் உயர்கின்றன என்று சொல்கிறது. அதற்கு முன்பே 1993இல் கீத் கரி லான்ஸ் குழுவினர் அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பள்ளிகளில் செய்த ஆய்வு வந்திருந்தது. நல்ல நூலகம் உள்ள பள்ளிகளில், அந்தப் பகுதி வசதியானதோ ஏழ்மையானதோ, தேர்வு மதிப்பெண் சராசரி கூடுதலாக இருந்தது என்று அவர்கள் கண்டார்கள். நூலகர் கற்பித்தலில் பங்கெடுப்பதையும் அவர்கள் ஒரு காரணியாகக் குறிப்பிட்டார்கள். ஒன்றோடு ஒன்று சேர்ந்து வருவதாலேயே ஒன்றுக்கு மற்றது காரணம் என்று ஆகிவிடாது என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் ஒரே ஒரு பாடத்தில் முயன்று பார்த்துவிட்டு உங்கள் கண்ணால் பார்த்ததை வைத்து முடிவெடுங்கள். அந்தப் பிள்ளைக்கு ஒரு வாய்ப்பு கொடுங்கள் ஐயா, கேட்க அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும்.

கேள்வி: மொழி ஆசிரியர்கள் வருகிறார்கள், அறிவியலும் பரவாயில்லை. கணித சார் மட்டும் 'கணக்குக்கும் லைப்ரரிக்கும் என்னம்மா சம்பந்தம்' என்கிறார். எனக்கும் பதில் தெரியவில்லை அக்கா.

பதில்: தசமம் நடத்தும் வாரத்தில் அவரைக் கூப்பிடுங்கள். 598.2, 598.15 என்று எண் போட்ட இரண்டு புத்தகங்களை ஒரு பிள்ளையிடம் கொடுத்து அலமாரியில் அடுக்கச் சொல்லுங்கள். பதினைந்து இரண்டைவிடப் பெரியது என்று நினைத்து நிறையப் பேர் 598.15ஐப் பின்னால் வைப்பார்கள். ஆனால் அது முன்னால் வர வேண்டும், புள்ளிக்கு அடுத்த இலக்கத்தில் ஒன்று இரண்டைவிடச் சிறியது. தசமத்தில் பிள்ளைகள் செய்கிற பெரிய தவறு இதுதான் என்று கணித ஆசிரியருக்கு நன்றாகத் தெரியும். கரும்பலகையில் எத்தனை தடவை எழுதினாலும் நிற்காத விஷயம், தப்பான இடத்தில் வைத்த புத்தகம் அடுத்த ஆளுக்குக் கிடைக்காமல் போகும்போது நின்றுவிடுகிறது. இருபது புத்தகத்தைக் கலைத்துப் போட்டு அடுக்கச் சொன்னால் ஒரு பீரியட் போவதே தெரியாது. டூயி 1876இல் தன் பகுப்பு முறையை வெளியிட்டபோது கணக்கு டீச்சர்களை நினைத்திருக்க மாட்டார், ஆனால் பள்ளியில் முந்நூறு தசம எண்கள் வரிசையாக நிற்கிற ஒரே இடம் உங்கள் அலமாரிதான். சராசரி, பட்டை வரைபடம் நடத்தும்போது புத்தகம் கொடுத்து வாங்கும் பதிவேட்டைப் பெயர் தெரியாமல் எடுத்துக் கொடுக்கலாம். எந்த வகுப்பு எந்த மாதத்தில் அதிகம் படித்தது என்று பிள்ளைகளே கணக்குப் போடட்டும்.

சாரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். ரங்கநாதனே கணித ஆசிரியர்தான். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக வந்தபோது ஆளில்லாத அந்தத் தனிமை தாங்காமல் சில நாட்களிலேயே மறுபடி பாடம் நடத்தப் போகிறேன் என்று கேட்டவர் அவர். லண்டனில் போய் நூலகவியல் படித்துவிட்டு வாருங்கள், அப்போதும் பிடிக்காவிட்டால் பழைய வேலைக்கே போகலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். திரும்பி வந்தவர் நூலகத்தை விட்டுப் போகவில்லை.

கேள்வி: வகுப்பில் சேட்டை செய்யும் பிள்ளைகளை 'போய் லைப்ரரியில் உட்கார்' என்று அனுப்பிவிடுகிறார்கள். தண்டனை அறை மாதிரி ஆகிவிட்டது. எப்படித் தடுப்பது?

பதில்: வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்பாதீர்கள், காரணமும் கேட்காதீர்கள். கையில் ஒரு வேலை கொடுங்கள், திரும்பி வந்த புத்தகங்களை அலமாரியில் சேர்ப்பது மாதிரி. சாயந்திரம் அந்த ஆசிரியரைத் தனியாகப் பார்த்து, 'அடுத்த தடவை அனுப்பும்போது ஒரு துண்டுத்தாளில் பாடத்திலிருந்து ஒரு கேள்வி எழுதிக் கொடுத்து அனுப்புங்க டீச்சர், பதிலோட திருப்பி அனுப்பறேன்' என்று சொல்லுங்கள். தண்டனை என்ற சொல்லையே எடுக்க வேண்டாம். கேள்வி எழுதத் தொடங்கினாலே அனுப்புவது கொஞ்சம் குறையும், அப்படியும் வருகிற பிள்ளை வகுப்புக்குத் திரும்பும்போது மற்றவர்களுக்குச் சொல்ல கையில் ஒரு பதிலோடு போகும். நான் பார்த்த வரையில் இப்படி வந்து போன பிள்ளைகளில் சிலர் பிறகு தாமாகவே வந்தார்கள்.

கேள்வி: ஆறு மாதப் பயிற்சி முடிந்து அடுத்த மாதம் கிளம்புகிறேன். இரண்டு ஆசிரியர்களோடு இப்போதுதான் நன்றாகச் சேர்ந்து வேலை செய்ய ஆரம்பித்தேன். நான் போனதும் எல்லாம் பழையபடி ஆகிவிடுமோ என்று இருக்கிறது.

பதில்: ஒரு கெட்டி அட்டை நோட்டு வாங்குங்கள். சேர்ந்து செய்த ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு பக்கம். எந்த வகுப்பு, எந்தப் பாடம், பிள்ளைகளிடம் என்ன கேள்வி கேட்டீர்கள், எந்த எண்ணில் எந்தப் புத்தகம், எத்தனை பீரியட் ஆனது. எது சொதப்பியது என்பதை மறைக்காமல் எழுதுங்கள், அடுத்து வருகிறவருக்கு அதுதான் அதிகம் உதவும். ஒரு பக்கத்தை நீங்கள் எழுதுங்கள், எதிர்ப்பக்கத்தை அந்த ஆசிரியர் கையால் எழுதி வாங்குங்கள், நான்கு வரி போதும். தன் கையெழுத்து இருக்கிற நோட்டை அவர் மறக்க மாட்டார், அடுத்த நூலகர் வந்து அதைக் காட்டிக் கேட்கும்போது பேச்சு பாதியிலிருந்தே தொடங்கும். கிளம்பும் முன் உங்கள் மூத்த நூலகரையும் அந்த இரண்டு ஆசிரியர்களையும் ஒருசேர உட்கார வைத்து அடுத்த பருவத்தில் எந்தப் பாடம் என்று மட்டும் கேட்டு, தேதியோடு அதே நோட்டின் அடுத்த வெற்றுப் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள்.